பல்லும் பற்றுச்சீட்டும்

புங்குடுதீவின் மேற்கு முனையிலே குறிகட்டுவான் இறங்குதுறை அமைந்திருக்கிறது. யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, அல்லைப்பிட்டியையும் வேலணையையும் தாண்டி, வாணர் தாம்போதி வழியாகப் புங்குடுதீவை அடையும் தெரு, இத்துறையிலே வந்து கடலோடு முடிகிறது. இதற்கப்பால் வண்டிக்கு வழியில்லை, படகுக்கே வழி. நயினாதீவுக்குச் செல்வோர் கால் மணி நேர அளவில் அக்கரை சேர்வர். நெடுந்தீவுக்குச் செல்வோர்க்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேண்டும். சோளகம் எழுந்து கடல் கொந்தளிக்கும் நாட்களில் அதற்கு மேலும் வேண்டும். சில நாட்களில் படகே புறப்படாது.

காலைப் படகில் வந்திறங்குவோரிடையே, சேலைத் தலைப்பைக் கன்னத்தில் அழுத்தியபடி வரும் முதிய பெண் ஒருத்தியை நேயர்கள் தம் மனக்கண் முன் நிறுத்திக் கொள்ளலாம். தீவார் ‘பல்லுக்கொதி’ என்று சொல்லும் நோவு அவளை இரண்டு இரவுகள் உறங்கவிடவில்லை. படகுக்கு எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு என்பதை அவள் அறிவாள். மாலைப் படகைத் தவறவிட்டால் எந்த உறவினர் வீட்டில் தங்கலாம் என்பதையும் அறிவாள். அவள் அறியாதது ஒன்றே. வைத்தியர் எவ்வளவு கேட்பார்? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமையால் படகேறாமலே இருந்துவிட்டோர் எத்தனையோ பேர். கிராம்பையும் உப்புநீரையும் நம்பிப் பல்லை இழந்தவர்களும் அவர்களுள் அடங்குவர்.

பல் வைத்தியத்தின் கணக்கு எழுதும் முறை இன்று உலகெங்கும் மாறி வருகிறது. கொப்பியும் பேனாவும் இருந்த இடத்தில் கணினியும் கைத்தொலைபேசியும் வந்து அமர்ந்திருக்கின்றன. இந்த மாற்றம் அந்தப் பெண்ணின் கேள்விக்கு விடை தருமா என்பதே இங்கு ஆராயத் தக்க பொருளாகும்.

இலங்கையிலே அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்பது யாவரும் அறிந்தது. பல் பிடுங்குதலும் எளிய அடைப்பும் அங்கே இலவசமாகவே நடைபெறுகின்றன. ஆயினும் பல வருகைகள் வேண்டும் வேர்ச் சிகிச்சை, பல்லின் மேற் பொருத்தும் உறை, நிலையான கட்டுப்பல் ஆகியவை எல்லா இடங்களிலும் எளிதிற் கிடைப்பனவல்ல. அவற்றை நாடுவோர் பெரும்பாலும் தனியார் சிகிச்சை நிலையத்தின் படியேற நேர்கிறது. அங்கேதான் சிட்டை பிறக்கிறது.

காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கும் வைத்தியரின் கணக்கு எளிது: பார்த்த கூலி ஒன்று, மருந்தின் விலை ஒன்று. பல் வைத்தியரின் கணக்கு அத்தகையதன்று. வளர்ந்தோர் வாயிலே 32 பற்கள் உள்ளன. கொடுப்புப் பல் ஒன்றுக்கு மெல்லும் பரப்பு, முன்புறம், பின்புறம், கன்னப்புறம், நாப்புறம் என ஐந்து பரப்புகள் உண்டு. ஒரு பரப்பில் அடைப்பதற்கும் மூன்று பரப்புகளில் அடைப்பதற்கும் பொருளும் நேரமும் வேறு. ஒரு வேருள்ள முன்பல்லுக்கும் மூன்று வேருள்ள கடைவாய்ப் பல்லுக்கும் வேர்ச் சிகிச்சையின் உழைப்பு வேறு. உறையை வைத்தியர் தாமே செய்வதில்லை. அதைச் செய்யும் தொழிற்கூடத்துக்கும் பணம் செல்லவேண்டும். ஆகவே ஒரே வாயில், ஒரே நாளில், நாலைந்து வகைக் கணக்குகள் சேர்ந்துவிடுகின்றன.

முற்காலத்திலே இவையாவும் நீளமான ஒரு கொப்பியில் எழுதப்பட்டன. பெயர், ஊர், செய்த வேலை, பெற்ற காசு, நிலுவை என்ற ஐந்து நிரைகள் போதியனவாக இருந்தன. அந்தக் கொப்பிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நோயாளியின் குடும்பத்தை வைத்தியர் அறிவார். மீன்பாடு இல்லாத மாதம் எது, வெங்காயம் விலைப்பட்ட மாதம் எது என்பதையும் அறிவார். நிலுவை நிரையிலே எழுதிய தொகையை ஒரு கோட்டினால் வெட்டிவிடும் இரக்கமும் அவரிடம் இருந்தது.

அதே கொப்பிக்குக் குறையும் உண்டு. என்ன வேலைக்கு எவ்வளவு என்பது வைத்தியரின் மனத்திலே இருந்ததேயன்றி நோயாளியின் கையிலே இருந்ததில்லை. சென்ற முறை கொடுத்த முற்பணம் எழுதப்படாது விடுபட்டால் அதை நிறுவ வழியில்லை. இரண்டு பேருக்கு ஒரே வேலைக்கு இரண்டு விலை விதிக்கப்பட்டால் அஃது இரக்கத்தினாலா, வேறு காரணத்தினாலா என்பதைக் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இக்குறையைத் தெளிவாக்கியது. பல் அடைக்கும் பசை, மரக்கச் செய்யும் ஊசிமருந்து, உறைக்கான மாப்பொருள் ஆகியவற்றுட் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவன. அவ்வாண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. முதல் வருகையிலே சொன்ன விலை மூன்றாம் வருகையிலே பொய்யாயிற்று. வைத்தியர் ஏமாற்றினார் என்று நோயாளி எண்ணினார். நோயாளி உணரவில்லையே என்று வைத்தியர் வருந்தினார். இருவர் சொல்லிலும் உண்மை இருந்தது. எழுத்திலே ஒன்றும் இல்லாமையால் அவ்வுண்மை இருவருக்கும் உதவவில்லை.

இனி, கணினி செய்வது யாது என்று பார்ப்போம். அதற்கு முதற்படி, பல்லுக்குப் பெயரிடுவதாகும். ‘இடப்பக்கத்துக் கீழ்க் கொடுப்புப் பல்’ என்று மனிதர் சொல்வதை இயந்திரம் கொள்ளாது. அதற்கு எண் வேண்டும். சர்வதேசப் பல் மருத்துவச் சம்மேளனம் 1970ஆம் ஆண்டளவில் ஏற்றுக்கொண்ட முறையிலே ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு இலக்கங்கள் உண்டு. வாயை நான்கு கூறாக்கி, முதல் இலக்கத்தால் கூற்றையும், இரண்டாம் இலக்கத்தால் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பதையும் குறிப்பர். அவ்வகையில் இடப்பக்கத்துக் கீழ்த்தாடையின் முதற் பெருங்கடைவாய்ப் பல் 36 ஆகும். பால்பற்களுக்கு 5 முதல் 8 வரையான கூற்றெண்கள் வழங்கும். பேராதனையிலே பயின்ற வைத்தியருக்கும் கனடாவின் ரொறன்ரோ நகரில் தொழில் புரியும் வைத்தியருக்கும் 36 என்றால் ஒரே பல்தான். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே 1 முதல் 32 வரை வரிசையாக எண்ணும் வழக்கம் இருப்பதால், அதே பல் அங்கே 19 எனப்படும். எண்ணை மாற்றிக் கொண்டால் நோவில்லாத பல்லுக்குச் சிட்டை எழுதப்படும் அபாயமும் உண்டு.

இரண்டாம் படி, சிகிச்சைக்குக் குறியீடு இடுவதாகும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1969ஆம் ஆண்டிலே இத்தகைய குறியீட்டுத் தொகுதியை முதன்முதல் வெளியிட்டது. கனடாவிலே ஐந்திலக்கக் குறியீடு வழங்குகிறது. முதல் இலக்கமே சிகிச்சையின் இனத்தைக் காட்டிவிடும்: 2 எனில் அடைத்தல், 3 எனில் வேர்ச் சிகிச்சை, 7 எனில் பிடுங்குதல் முதலிய அறுவைச் சிகிச்சை. பல்லின் எண், பரப்பின் எழுத்து, சிகிச்சையின் குறியீடு ஆகிய மூன்றும் சேர்ந்தால் சிட்டையின் ஒரு வரி ஆயிற்று.

இவ்விரண்டும் அமைந்தபின் மற்றவை தாமே தொடர்கின்றன. திரையிலே தோன்றும் வாயின் படத்தில் வைத்தியர் ஒரு பல்லைத் தொட்டு, செய்யவேண்டிய வேலையைத் தெரிவு செய்கிறார். உடனே அதற்குரிய கட்டணம் மதிப்பீட்டிலே ஏறுகிறது. ஊடுகதிர்ப் படம் சில விநாடிகளில் திரைக்கு வந்து அதே பதிவோடு இணைகிறது. மூன்று வருகைகள் வேண்டுமாயின் எந்த வருகையில் எந்த வேலை, எந்த வருகையில் எவ்வளவு காசு என்று பிரித்து அச்சிட்டுக் கொடுக்கலாம். வேலை முடிந்ததும் மதிப்பீடே சிட்டையாகிறது; காசு செலுத்தியதும் சிட்டையே பற்றுச்சீட்டாகிறது. ஒரு முறை எழுதியதை மறுமுறை எழுதவேண்டிய தேவை இல்லை. ஆகவே விடுபடுதலும் குறைகிறது. இருமுறை ஏறுதலும் குறைகிறது.

காசு செலுத்தும் முறையும் மாறியிருக்கிறது. இலங்கை மத்திய வங்கி 2018ஆம் ஆண்டிலே கட்டணங்களுக்கான தேசிய கியூ.ஆர். குறியீட்டு நியமத்தை வெளியிட்டது. கறுப்புப் புள்ளிகள் நிறைந்த அச்சதுரத்தைக் கைத்தொலைபேசியால் நோக்கினால், நோயாளியின் வங்கிக் கணக்கிலிருந்து சிகிச்சை நிலையத்தின் கணக்குக்குப் பணம் சென்றுவிடும். தீவிலிருந்து வருவோர் மடியிலே பெருந்தொகையை முடிந்துகொண்டு படகேறும் அச்சம் இதனால் நீங்குகிறது.

இம்மாற்றத்தின் முழு வடிவத்தைக் காண விரும்புவோர் கடல் கடந்து செல்லவேண்டும். போர்க்காலத்திலே புங்குடுதீவையும் நயினாதீவையும் நெடுந்தீவையும் விட்டுச் சென்றோர் இன்று கனடா, சுவிற்சர்லாந்து, பிரான்சு, இங்கிலாந்து முதலிய நாடுகளிலே வாழ்கின்றனர். கனடாவிலே முன்னர் பல் வைத்தியரிடம் சென்றவர் முழுத் தொகையையும் முதலிலே கொடுத்துவிட்டு, காப்புறுதிப் படிவத்தைத் தபாலில் அனுப்பி, காசோலைக்காகக் கிழமைக் கணக்கிலே காத்திருப்பார். 1990களிலே ‘சீ.டீ.ஏ. நெற்’ என்னும் இலத்திரனியல் வலையமைப்பு வந்தது. நோயாளி கதிரையை விட்டு எழுமுன்பே காப்புறுதிக் கம்பனியிடமிருந்து விடை வருகிறது: இவ்வளவு கம்பனியின் பங்கு, இவ்வளவு நோயாளியின் பங்கு.

காப்புறுதி இல்லாத முதியோர்க்கு அந்த வலையமைப்பினால் நெடுங்காலம் பயன் கிடைக்கவில்லை. அக்குறையை நீக்கவே கனடிய அரசாங்கம் தேசியப் பல் பராமரிப்புத் திட்டத்தை ஏற்படுத்தியது. 2023 டிசம்பரில் முதியோர் விண்ணப்பங்கள் தொடங்கின. 2024 மே மாதத்தில் சிகிச்சை தொடங்கியது. தனியார் பற்காப்புறுதி இல்லாதவராயும், குடும்பத்தின் தேறிய வருமானம் ஆண்டுக்கு 90,000 டொலருக்குக் குறைந்ததாயும் இருத்தல் வேண்டும் என்பது விதி. வருமானம் 70,000 டொலருக்குக் குறைந்தோர்க்குப் பங்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேற்பட்டோர்க்கு 40 வீதம், 80,000 டொலரைத் தாண்டினோர்க்கு 60 வீதம் என வகுக்கப்பட்டது. வைத்தியர் அனுப்பும் கணக்கு இலத்திரனியல் முறையிலே திட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்குச் செல்கிறது.

இதிலே கவனிக்கத் தக்க நுட்பம் ஒன்று உண்டு. திட்டம் ஒரு வேலைக்குத் தரும் தொகையும், வைத்தியர் வழக்கமாகப் பெறும் தொகையும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. வேறுபாட்டை நோயாளியிடம் கேட்க வைத்தியருக்கு உரிமை உண்டு. ‘அரசாங்கம் கொடுக்கிறது’ என்று நம்பிச் சென்ற முதியவர், திரும்பும்போது ஒரு சிட்டையோடு திரும்ப நேரலாம். ஆகவேதான் சிகிச்சைக்கு முன்னரே மதிப்பீட்டைக் கேட்டு அறியுமாறு அத்திட்டத்தினரே மக்களுக்கு அறிவுறுத்துகின்றனர். எத்துணை விரைவான இயந்திரம் இருந்தாலும், முன்கூட்டிக் கேட்கும் ஒரு கேள்விக்கு ஈடாகாது என்பது இதனாற் புலப்படும்.

ஐரோப்பாவிலே வேறு வழிகள் உள்ளன. சுவிற்சர்லாந்திலே ஒவ்வொரு சிகிச்சைக்கும் இத்தனை புள்ளிகள் என வகுத்து, ஒரு புள்ளியின் விலையால் பெருக்கிச் சிட்டை எழுதுவர். ஜேர்மனியிலே கட்டுப்பல், உறை ஆகியவற்றுக்கு முன்னனுமதி பெறும் படிவம், 2023ஆம் ஆண்டு முதல் தாளை விட்டு இலத்திரனியல் வழிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்திலே 2006ஆம் ஆண்டு முதல் தேசிய சுகாதார சேவையின் பல் சிகிச்சைகள் மூன்று படிகளாக வகுக்கப்பட்டன. ஒரு படிக்குள் ஓரடைப்பாயினும் மூன்றடைப்பாயினும் நோயாளியின் கட்டணம் ஒன்றே. நோயாளிக்கு எளிதில் விளங்கும் கணக்கு எது என்று கேட்டால், இந்த மூன்று படிகளையே பலரும் சுட்டுவர். ஆயினும் மிகுந்த வேலை வேண்டும் வாய்களுக்கு அந்த முறை போதிய ஊதியம் தருவதில்லை என்பது அந்நாட்டு வைத்தியர்களின் நெடுநாள் முறையீடு. எளிமைக்கும் ஒரு விலை உண்டு போலும்.

கருவிகளின் நன்மையைச் சொன்னபின் அவற்றின் தீமையையும் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. 2024 பெப்ரவரி 21ஆம் நாள், அமெரிக்காவிலே மருத்துவக் கணக்குகளைக் கொண்டு செல்லும் ‘சேஞ்ச் ஹெல்த்கெயார்’ என்னும் நிறுவனத்தின் கணினிகளைத் தீயோர் முடக்கினர். பல் வைத்தியர் உட்படப் பல்லாயிரம் சிகிச்சை நிலையங்களின் கணக்குகள் கிழமைக் கணக்கிலே தேங்கின. பாதிக்கப்பட்டோர் தொகை ஏறத்தாழ 19 கோடி எனப் பின்னர் அறிவிக்கப்பட்டது. ஒரு வைத்தியரின் கொப்பி நனைந்தால் ஓர் ஊரின் கணக்கு அழியும். ஒரு பெருங்கணினி முடங்கினால் ஒரு தேசத்தின் கணக்கே நின்றுவிடும்.

அமெரிக்கா வரை போகவும் வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியிலே இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். மின்சாரமும் இணையமும் இல்லாத நேரத்தில் நோயாளியின் பழைய பதிவைத் திறக்க இயலாத கணினி, பூட்டிய பெட்டிக்கு நிகரானது. பதிவின் படியொன்று தாளிலும் இருத்தல் வேண்டும் என்று அனுபவமுள்ளோர் சொல்வது இதனாலேதான்.

பிறிதொரு தீமை கண்ணுக்குப் புலப்படாதது. திரையிலே ஒரு பல்லைத் தொட்டால் போதும், கட்டணம் ஏறிவிடும் என்னும் எளிமை, தேவையற்ற வேலையையும் மதிப்பீட்டிலே சேர்க்கும் ஆசையைத் தூண்டக்கூடும். அச்சிட்ட எழுத்துக்கு மக்கள் தலைவணங்குவர். கையெழுத்துச் சிட்டையோடு வாதாடும் நோயாளி, கணினிச் சிட்டையைக் கண்டதும் மௌனமாகிறார். அச்சிட்டதனாலேயே ஒரு கணக்கு நியாயமாகிவிடாது என்பதை நோயாளரும் வைத்தியரும் நினைவிற் கொள்ளுதல் நன்று.

இனி, மானத்தைப் பற்றியும் ஒரு சொல். நெடுந்தீவுத் தாயின் பற்சிகிச்சைக்கு ரொறன்ரோவிலுள்ள மகன் பணம் அனுப்புகிறான் என்று கொள்வோம். சிட்டையின் படம் கைத்தொலைபேசி வழியாக அவனை அடைகிறது. இது பெரும் வசதியே. ஆனால் அச்சிட்டையிலே பல்லின் நோய் மட்டுமா இருக்கிறது? நீரிழிவு உண்டா, எந்த மருந்து உட்கொள்கிறாள், வெற்றிலையும் புகையிலையும் போடும் வழக்கம் உண்டா, வாயின் உட்புறத்தில் ஐயத்துக்குரிய வெண்படலம் உண்டா என்பனவும் அதே பதிவோடு இணைந்திருக்கின்றன. வாய்ப் புற்றுநோய் இலங்கை ஆண்களிடையே முதன்மையாகக் காணப்படும் புற்றுநோயாகும். ஆதலால் வைத்தியர் இவற்றைக் கேட்டறிவது கடமை. அவற்றை யார் காணலாம் என்று தீர்மானிப்பது நோயாளியின் உரிமை. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவைச் சிறப்பான பாதுகாப்புக்குரிய வகையிலே சேர்த்திருக்கிறது. கட்டணச் சிட்டையும் நோய்க் குறிப்பும் வெவ்வேறு தாளிலே அச்சிடப்படுதல் வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் எளிய பாடம். பணம் கொடுப்பவர் தொகையை அறியட்டும். நோயை அறிவிப்பது தாயின் விருப்பத்தைப் பொறுத்தது.

மீண்டும் குறிகட்டுவான் துறைக்கு வருவோம். அந்தப் பெண்ணுக்கு உண்மையிலே தேவைப்படுவன யாவை? முதலாவது, படகேறுமுன் ஒரு மதிப்பீடு. தீவிலிருந்தே பல்லின் படத்தை எடுத்து அனுப்பினால், வாயைப் பாராமல் முடிவு சொல்ல இயலாது என்றாலும், குறைந்தது எவ்வளவு, கூடினால் எவ்வளவு, எத்தனை முறை வரவேண்டும் என்பதை வைத்தியர் சொல்லக்கூடும். இரண்டாவது, வருகைகளைக் கடலோடு பொருத்தும் ஒழுங்கு. நகரத்தவருக்குக் கிழமைக்கு ஒரு நாள் என்பது எளிது. தீவாருக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு பயணம். இரண்டு வருகையின் வேலையை ஒரே நாளில் முடிக்க இயலுமாயின், அதை முதலிலேயே கணக்கிட்டுக் காட்டும் ஆற்றல் கணினிக்கு உண்டு. மூன்றாவது, தமிழிலே எழுதிய சிட்டை. ஆங்கிலத்திலே அச்சிட்ட குறியீடும் சுருக்கெழுத்தும் அவளுக்குக் கொப்பியின் மௌனத்தைவிடப் பெரிய மௌனமாகும். ‘இடப்பக்கத்துக் கீழ்க் கொடுப்புப் பல், வேர்ச் சிகிச்சை, முதல் வருகை, இவ்வளவு ரூபா’ என்று எழுதிக் கொடுப்பதற்கு எந்த மென்பொருளும் தடையாக நிற்கவேண்டியதில்லை.

இம்மூன்றும் சிறு வசதிகள் என்று எண்ணுதல் தவறு. வேர்ச் சிகிச்சையின் இயல்பை அறிந்தோர் இதை உணர்வர். முதல் வருகையிலே நோவு தணிந்துவிடுகிறது. பல்லின் உள்ளே மருந்து வைத்து, மேலே தற்காலிக அடைப்பு இடப்படுகிறது. அடுத்த வருகைக்கு எவ்வளவு காசு வேண்டும் என்று தெரியாதவர், நோவும் இல்லாமையால், வராது நின்றுவிடுவார். மாதங்கள் செல்லத் தற்காலிக அடைப்பு தேய்ந்து, கிருமி மீண்டும் உள்ளே புகும். முடிவிலே, காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லைப் பிடுங்க நேரும். செலவிட்ட காசும் போகும், பல்லும் போகும். பல் போனால் சொல் போயிற்று என்பர். சொல்லுக்கு முன்னே சோறும் போகும். முதல் வருகையிலே கையிற் கொடுத்த ஒரு துண்டுத் தாள் இவ்விழப்பைத் தடுத்திருக்கக்கூடும்.

அந்தப் பழைய கொப்பியிலே நிலுவையை வெட்டிய கோடு ஒன்று இருந்ததே, அதன் கதி என்ன? கணினியிலும் அதற்கு இடம் உண்டு. தள்ளுபடி என்றும் தவணை என்றும் நிரைகள் இருக்கின்றன. அவற்றை இயந்திரம் தானாக நிரப்பாது, மனிதர் நிரப்பவேண்டும். எவருக்குத் தள்ளுபடி கொடுப்பது, எவருக்குத் தவணை கொடுப்பது என்று அறிவதற்கு, அவர் எந்தத் தீவிலிருந்து எந்தப் படகில் வந்தார் என்று கேட்கும் பழக்கம் வைத்தியரிடம் இருத்தல் வேண்டும். கொப்பி போனாலும் அக்கேள்வி போகக்கூடாது.

மாலைப் படகு புறப்படும் வேளையிலே அப்பெண் துறைக்குத் திரும்புகிறாள் என்று கொள்வோம். கன்னத்தின் மரப்பு இன்னும் நீங்கவில்லை. மடியிலே தமிழில் எழுதிய தாள் ஒன்று இருக்கிறது. அடுத்த வருகை எந்த நாள், அன்று எவ்வளவு ரூபா, அதற்கடுத்து வரவேண்டுமா இல்லையா என்பவை அதில் இருக்கின்றன. காற்று எப்படி இருக்கும் என்பதை அந்தத் தாள் சொல்லாது. அதை அவளே வானத்தைப் பார்த்து அறிந்துகொள்வாள். மற்றவற்றை அறிந்துகொள்ளும் உரிமை அவளுக்கு என்றும் இருந்தது. அதை அவள் கையிற் கொடுக்கும் வழி இப்போது எளிதாகியிருக்கிறது. கொடுக்கவேண்டியது கொடுப்போர் கடமை.